பிஸ்டல் வாங்க முன் உங்கள் கையை அளந்து பாருங்கள்

சுவிஸில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் சிலர் இப்போது தாங்கள் வாழும் ஊரின் சூட்டுச் சங்கங்களில் சேர்ந்து பிஸ்டல் சுடப் பழகுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் வரும்போது, நானும் அங்கே நீண்ட காலம் சுட்டவள் என்று தெரிந்து, முதல் பிஸ்டலாக எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். இந்த வருடம் கேட்டவன் என் பெறாமகன். வரும்போதே நாலைந்து பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்தான். யூடியூப்பில் பார்த்தது ஒன்று, சங்கத்தில் ஒருவர் புகழ்ந்தது ஒன்று, இராணுவ சேவையில் இருந்த நண்பன் சொன்னது ஒன்று.

"சின்னம்மா, இதில எது நல்லது?"

"முதல்ல கையைக் காட்டு" என்றேன்.

எங்கள் கொக்குவில் வீட்டில் துவக்கு என்ற பேச்சு எடுத்தாலே கதை நின்றுவிடும். அம்மா எழும்பி உள்ளே போய்விட்டார். அது நியாயமானதுதான். போர் 2009 இல் முடிந்தது. ஆனால் துவக்கோடு வாசலுக்கு வந்தவர்களைக் கண்டவர்கள் இந்தத் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுதுவது சட்டம் அனுமதிக்கிற நாட்டில், சங்கத்தின் திடலில், கடதாசி இலக்கைச் சுடுகிற விளையாட்டைப் பற்றி மட்டுமே. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது, வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். இங்கே ஒருவர் விருப்பத்துக்குப் பிஸ்டல் வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவிஸிலும் எல்லாருக்கும் கதவு திறந்திருக்கவில்லை. இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் அங்கே ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. துருக்கி, அல்பேனியா, கொசோவோ, அல்ஜீரியா முதலிய நாடுகளோடு எங்கள் நாடும் அந்தத் தடைப்பட்டியலில் இருக்கிறது. பல வருடம் வாழ்ந்து நிரந்தர வதிவிட அனுமதி எடுத்திருந்தாலும் தடை தடைதான். சுவிஸ் குடியுரிமை எடுத்த பிள்ளைகள் மாநிலப் பொலிஸிடம் கொள்வனவு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் ஆறு மாதம் செல்லும். அனுமதி கையில் வந்த கிழமையே கடைக்கு ஓடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஓட வேண்டாம். அந்த ஆறு மாதத்தையும் வேறு வேறு பிஸ்டல்களைப் பிடித்துப் பார்க்கப் பயன்படுத்துங்கள்.

நான் பழகிய சங்கத்தில் புதியவர்களுக்கு இரண்டு வகைப் பிஸ்டல் கொடுப்பார்கள். இரண்டுமே சுவிஸ் இராணுவம் எடுத்தவை: 1949 இல் வந்த சிக் பி210, 1975 இல் வந்த சிக் பி220. எனக்கு முதலில் கிடைத்தது பி220. முதற்சூட்டுக்கு ட்ரிகரை நீளமாக இழுக்க வேண்டும். ரவையை வெடிக்க வைக்க அடிக்கிற சுத்தியலை ட்ரிகரே பின்னே தள்ளி விழுத்துகிற அமைப்பு அது. என் சுட்டுவிரலின் நுனி மட்டும்தான் ட்ரிகரைத் தொட்டது. எட்டுவதற்காகக் கை தானாகவே பக்கவாட்டில் திரும்பியது. சூடுகள் இலக்கின் இடப்பக்கத்தில் போய் விழுந்தன.

பயிற்சி தந்த பெரியவர் மூச்சு, நிற்கும் முறை என்று எதையும் திருத்தவில்லை. பி220 ஐ வாங்கி வைத்துவிட்டு பி210 ஐத் தந்தார். அதில் சுத்தியல் முன்கூட்டியே பின்னே நிற்கும், ட்ரிகர் கைக்குக் கிட்ட இருக்கும், பிடியும் மெல்லியது. அதே கை, அதே கண், அதே 25 மீற்றர். சூடுகள் நடுவுக்கு வந்தன. பி220 இல் ஒரு குறையும் இல்லை. நீண்ட விரல்காரர் பலர் அதே பிஸ்டலால் என்னைவிட நன்றாகச் சுட்டார்கள். என் விரலுக்கும் அந்த ட்ரிகருக்கும் இடையிலிருந்த சில மில்லிமீற்றர்தான் விஷயம்.

பெறாமகனுக்கு நான் விளக்க வேண்டியிருந்ததும் அந்தச் சில மில்லிமீற்றரைத்தான். இங்கே தோட்டத்தில் மண்வெட்டிக்குப் பிடி போடும்போது வேலை செய்யும் ஆளைப் பார்த்துத்தான் நீளம் வைப்பார்கள். பிஸ்டலின் பிடியை நாம் வெட்ட முடியாது என்பதால், பொருந்துவதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

விறாந்தையில் அடிமட்டத்தோடு இருந்து அவன் கையை அளந்தோம். பெருவிரலும் சுட்டுவிரலும் பிரிகிற இடுக்கிலிருந்து, சுட்டுவிரலின் முதல் அங்கத்தின் நடுச்சதை வரை எவ்வளவு என்பது முதலாவது அளவு. அது உங்களுக்கு எட்டும் ட்ரிகர் தூரத்தைச் சொல்லும். உள்ளங்கையின் அகலம் இரண்டாவது. பிடியில் சின்னவிரல் உட்பட மூன்று விரலும் இடம் பிடிக்குமா என்பது அதில் தெரியும். கையின் தடிப்பு மூன்றாவது. பிடியின் சுற்றளவு எவ்வளவு தாங்கும் என்பதை அது காட்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். பெறாமகனை எல்லாரும் 'பெரிய கைக்காரன்' என்பார்கள். அளந்து பார்த்தால் உள்ளங்கைதான் அகலம், விரல்கள் தகப்பனைப் போலக் கட்டை. 'பெரிய கை' என்று நம்பி அவன் எழுதி வைத்திருந்த முதல் இரண்டு பெயர்களும் தடித்த பிடியுள்ளவை.

கண்ணையும் பார்த்தோம். இரண்டு கையையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை வைத்து, இரு கண்ணும் திறந்தபடி வேலிக்கு அப்பால் நிற்கும் பனையின் உச்சியைப் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பனை ஓட்டைக்குள் தெரிகிறதோ அதுதான் மேலோங்கிய கண். அவன் வலக்கைக்காரன், கண் இடது. இதற்காகக் கையை மாற்றத் தேவையில்லை. பிஸ்டலைக் கொஞ்சம் இடப்பக்கம் கொண்டுவந்தோ தலையைச் சற்றுத் திருப்பியோ சுடலாம். ரைபிளில் இது பெரிய தொல்லை. பிஸ்டலில் சமாளிக்கக் கூடியது.

இனிக் கடையில் செய்ய வேண்டியது. கடைக்காரரைக் கேட்டு, ரவை அடுக்கும் மகசினைக் கழற்றி, மேலே முன்பின் ஓடும் பாகமான ஸ்லைடைப் பின்னே இழுத்துப் பூட்டி, ரவை ஏறும் அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அவர் பார்த்துவிட்டுத் தந்தாலும் நீங்கள் திரும்பப் பாருங்கள். நல்ல கடைக்காரர் அதற்காக உங்களை மதிப்பார்.

பிறகு பிடியுங்கள். விரலிடுக்கு பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே, நடுவில் இருக்க வேண்டும். நடுவிரல் ட்ரிகர் வளையத்தின் அடியில் இறுக ஒட்ட வேண்டும். பிஸ்டலின் குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். இப்படிப் பிடித்த பிறகு மட்டும் சுட்டுவிரலை ட்ரிகரில் வையுங்கள். முதல் அங்கத்தின் சதைப்பகுதி ட்ரிகரின் நடுவில் தானாக அமர்ந்தால் பொருத்தம். நுனி மட்டும் தொட்டால் தூரம் கூட. விரல் உள்ளே போய் முதல் மடிப்பில் மாட்டினால் தூரம் குறைவு. இரண்டிலும் ட்ரிகரை நேர் பின்னே இழுக்க முடியாமல் பக்கம் தள்ளுவீர்கள். வலக்கைக்காரருக்கு எட்டாத ட்ரிகர் பெரும்பாலும் சூட்டை இடப்பக்கம் கொண்டுபோகும்.

எட்டவில்லை என்றதும் பலர் கையைச் சுழற்றி, விரலிடுக்கை ஓரத்துக்குக் கொண்டுபோய், 'இப்ப எட்டுது' என்பார்கள். அது பொருத்தம் ஆகாது. அப்படிப் பிடித்தால் அதிர்ச்சி முழுவதும் பெருவிரலின் அடி மூட்டில் போய் இடிக்கும். ஒரு பெட்டி ரவை முடியும்போது கை நோகும், நொந்த கை அடுத்த சூட்டுக்கு முன்பே கூசத் தொடங்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. கடைக்காரர் காட்டும் பாதுகாப்பான திசையில், பிஸ்டலைத் தாழ்த்திப் பிடித்து, கண்ணை மூடி, இயல்பாக உயர்த்திவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். இலக்குப் பார்க்க ஸ்லைடின் மேலுள்ள முன் குறியும் பின் குறியும் ஏறக்குறைய நேரில் இருந்தால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் முன் குறி மேலே நின்றால் அல்லது கீழே விழுந்தால், பழகிக்கொள்ளலாம்தான். ஆனால் பழகத் தேவையில்லாத வேறொன்று பக்கத்துத் தட்டில் இருக்கும். கடைசியாக, கடைக்காரர் சம்மதித்தால், வெறும் பிஸ்டலின் ஸ்லைடின் மேல், முன் குறிக்கு அருகில் ஒரு ஐந்து ராப்பன் காசை வைத்து ட்ரிகரை அழுத்திப் பாருங்கள். பொருந்திய பிஸ்டலில் காசு விழாமல் இருக்கும்.

பெருவிரல் மகசின் பொத்தானுக்கு எட்டுகிறதா, ஸ்லைடைப் பூட்டும் நெம்புகோல் கைக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். இதில் சின்னக் குறை இருந்தால் பரவாயில்லை, ட்ரிகரில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெயர்களுக்கு வருகிறேன். முழு அளவு என்று சொல்லும் பிஸ்டல்கள் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளம், 11 முதல் 13 சென்ரிமீற்றர் குழல். ரவை 9 × 19, அதாவது தலையின் விட்டம் 9 மில்லிமீற்றர், கோதின் நீளம் 19 மில்லிமீற்றர். கிளொக் 17 ஐ 1982 இல் ஒஸ்ரியா இராணுவம் எடுத்தது. மகசின் இல்லாமல் 630 கிராம் அளவு, 17 ரவை கொள்ளும். 2010 இல் வந்த நாலாம் தலைமுறையிலிருந்து பிடியின் பின்பக்கத்தில் துண்டு மாற்றலாம்; நடுத்தரத் துண்டு ட்ரிகர் தூரத்தை 2 மில்லிமீற்றரும் பெரிய துண்டு 4 மில்லிமீற்றரும் கூட்டும். கட்டை விரல்காரர் துண்டே போடாமல் பிடிக்க வேண்டும். ஜேர்மனியின் ஹெக்லர் அண்ட் கொக் நிறுவனத்தின் எஸ்எஃப்பி9 இல் பின்துண்டு மட்டுமல்ல, இரு பக்கத் துண்டுகளும் மூன்று மூன்று அளவில் வரும். கலந்து போட்டால் 27 விதம். கை நீளமும் தடிப்பும் ஒத்துப்போகாதவர்களுக்கு, அதாவது பெறாமகன் போன்றவர்களுக்கு, இதை முதலில் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். சிக் பி320 இல் பிடி முழுவதையுமே சின்னது, நடுத்தரம், பெரியது என்று மாற்றிக்கொள்ளலாம்.

பெரெட்டா 92 மென்மையாகச் சுடும், ஆனால் பிடி தடித்தது. முதற்சூட்டின் ட்ரிகரும் தூரம். நீண்ட விரல் இல்லாதவர்கள் அழகைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம். செக் நாட்டு சி.இசட் 75 ஒரு கிலோ அளவு வரும் இரும்புப் பிஸ்டல். இரட்டை வரிசை மகசின் இருந்தும் பிடி வளைந்து கைக்குள் அமரும். சுத்தியலைப் பின்னே நிறுத்திப் பூட்டி வைக்கலாம் என்பதால் முதற்சூட்டிலிருந்தே குறைந்த தூரத்தில் இழுக்கலாம். என்னைக் கேட்டால், கடதாசி இலக்குக்கு மட்டும் சுடுகிறவருக்குப் பாரம் ஒரு நன்மை. இடுப்பில் சுமக்கப் போவதில்லையே.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கடையில் நான் விலை கேட்கும் முன்பே சட்டைப் பையில் வைக்கிற அளவில் ஒரு பிஸ்டலை எடுத்து வைத்து, "பெண்களுக்கு இதுதான்" என்றார்கள். அது முழுப் பிழையான ஆலோசனை. அதே 9 × 19 ரவையைப் பாரம் குறைந்த சின்னப் பிஸ்டலில் சுட்டால் உதை கூடும். குறிகளுக்கு இடைப்பட்ட நீளம் குறைவதால் சின்ன ஆட்டமும் இலக்கில் பெரிதாகத் தெரியும். சின்னவிரலுக்குப் பிடியில் இடம் இருக்காது. ஸ்லைடை இழுக்கவும் பெரும்பாலும் கூடுதல் பலம் வேண்டும், ஏனென்றால் குட்டைக் குழலுக்கு இறுக்கமான வில் போடுகிறார்கள். சின்னக் கைக்குத் தேவை, கிட்ட இருக்கும் ட்ரிகரும் மெல்லிய பிடியும் உள்ள பெரிய பிஸ்டல். இதை விளங்கிக்கொண்ட தயாரிப்பாளரும் இருக்கிறார்கள்: வால்தர் நிறுவனம் 2022 இல் பிடிபி வரிசையில் ட்ரிகர் தூரத்தையும் பிடியின் சுற்றளவையும் குறைத்து, ஸ்லைடை இலகுவாக்கி, பெண்களின் கையை மனதில் வைத்து ஒன்றைக் கொண்டுவந்தது. சின்னக் கையுள்ள ஆண்களும் தயங்காமல் அதைப் பிடித்துப் பார்க்கலாம்.

ஸ்லைடை இழுக்கப் பலமில்லை என்று சொல்கிறவர்கள், பிஸ்டலை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவந்து, குழலை இலக்குப் பக்கமே வைத்து, ஒரு கையால் ஸ்லைடின் பின்பகுதியை முழுதாகப் பற்றிப் பிடித்து, மறு கையால் பிடியை முன்னே தள்ளிப் பாருங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதில் உடம்பின் பலம் சேரும்.

பொருத்தம் சரி என்றால் அடுத்தது நம்பிக்கை. இதில் பெயரும் விலையும் பாதிதான் சொல்லும். மேலே சொன்னவை எல்லாம் பல நாடுகளில் வருடக்கணக்காகச் சுட்டுப் பார்க்கப்பட்டவை. ஆனால் உங்கள் கையிலிருக்கும் அந்த ஒரு பிஸ்டல், உங்கள் மகசின், நீங்கள் வாங்கும் ரவை, இந்த மூன்றும் சேர்ந்து ஓடுகின்றனவா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். 9 × 19 இல் ரவைத் தலையின் எடை ஏறக்குறைய 7.5 கிராம், 8 கிராம், 9.5 கிராம் என்று வரும். திடலில் வழமையாகக் கிடைப்பதில் இருநூறு ரவையாவது தடங்கலின்றிப் போகட்டும். அதற்குப் பிறகு போட்டிக்குப் பதியலாம்.

தடங்கல் வந்தால் உடனே பிஸ்டலைக் குறை சொல்லாமல் காரணம் தேடுங்கள். நான் கண்டவற்றில் அதிகம் மகசினில்தான். வாய் விளிம்பு சற்று வளைந்திருந்தாலோ வில் களைத்திருந்தாலோ அடுத்த ரவை சாய்ந்து வந்து குழல்வாயில் முட்டும். மகசின் ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்றால் ஒரு இலக்கம் எழுதுங்கள்; எது தொந்தரவு தருகிறது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். வெற்றுக் கோது வெளியேறாமல் ஸ்லைடில் நிமிர்ந்து மாட்டினால், முதலில் உங்கள் மணிக்கட்டைப் பாருங்கள். பிளாஸ்ரிக் உடல் கொண்ட இலகுவான பிஸ்டல்களில் மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைட் முழுத்தூரம் பின்னே போகாது. கோதைப் பிடித்திழுக்கும் கொக்கியின் அடியில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்லைட் ஓடும் தண்டவாளத்துக்குச் சில துளி எண்ணெய் போதும், வழிய வழிய ஊற்றினால் கரி அதில் ஒட்டிக் களியாகும்.

பாவித்த பிஸ்டல் வாங்குவது நல்ல வழி. சுவிஸில் கவனமாகச் சுட்டு, சுத்தமாக வைத்திருந்து விற்கிறவர்கள் அதிகம். குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட தழும்பு, குழலுக்குள் வளையம் போன்ற வீக்கம், ஸ்லைடுக்கும் உடலுக்கும் இடையில் அளவுக்கு மீறிய ஆட்டம், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் விட்டுவிடுங்கள். சுத்தியல் உள்ளதாயின், வெறும் பிஸ்டலில் சுத்தியலைப் பின்னே நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல் பெருவிரலால் மிதமாக முன்னே தள்ளிப் பாருங்கள். நழுவி விழுந்தால் அதை ஆயுதத் திருத்துநர் பார்க்கும்வரை யாரும் சுடக்கூடாது. வில்லும் மகசினும் தேயும் பொருட்கள். அவற்றுக்கு ஒரு தொகை ஒதுக்கி வைத்தே விலை பேசுங்கள்.

வாங்கும் செலவில் நல்ல காதுக்கவசம் முதலில் வரட்டும். 9 மில்லிமீற்றர் பிஸ்டலின் சத்தம் 160 டெசிபெல் அளவு. போன கேள்வித்திறன் திரும்பாது. கண்ணாடி கட்டாயம். சுட்டு முடிந்ததும் சாப்பாட்டைத் தொட முன் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், ஈயத்தூள் கையில் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டிய இரும்புப் பெட்டி இல்லாமல் பிஸ்டலை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். ரவை வேறு இடத்தில், வேறு பூட்டில். திடலுக்குக் கொண்டுபோகும்போதும் பிஸ்டல் வெறுமையாக, மகசினுக்குள் ரவை இல்லாமல், ரவை தனியாக இருக்க வேண்டும். அது அந்த நாட்டுச் சட்டமும்கூட.

பெறாமகன் திரும்பிப் போனதும் சங்கத்தில் இரவல் பிஸ்டல்களை வரிசையாகப் பிடித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ வரும் ஊர்ச் சூட்டுவிழாவில் இலவசமாகச் சுடலாம் என்பதால், அங்கே பக்கத்து ஊர்க்காரரின் பிஸ்டலையும் கேட்டுப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஊருக்கு வருகிற எல்லாருக்கும் இன்னொன்று. திடலுக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அடிப்பக்கத் தையலுக்குள் ஒரு வெற்றுக் கோது கிடந்தாலும் கட்டுநாயக்காவில் அதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டி வரும். எங்கள் பெயர்களோடு, எங்கள் ஊர் முகவரியோடு அந்த விளக்கம் கெதியாக முடியாது. ஜக்கெற் பைகளையும் உதறிப் பாருங்கள். சூட்டுக்கென்று ஒரு பை, ஊருக்கென்று வேறு பை வைத்துக்கொள்ளுங்கள்.